முதலில் ஊகிக்கட்டும், பிறகு ஊற்றலாம்

எங்கள் பகுதியில் எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குச் சென்றாலும் அங்கே ஓர் எரிமலை கட்டாயம் இருக்கும். காகிதக் கூழால் செய்து பச்சையும் பழுப்புமாக வண்ணம் பூசிய மலை, அதன் உச்சியில் புதைத்து வைத்த சிறிய பாட்டில், பாட்டிலுக்குள் சமையல் சோடா, மேலிருந்து ஊற்றுவதற்குச் சிவப்புச் சாயம் கலந்த வினிகர். மனப்பாடம் செய்த விளக்கத்தை மாணவி ஒருத்தி ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்ததும் நுரை வழியும். சிறப்பு விருந்தினர் கைதட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார். நுரை வழிவதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்பது அந்த அறையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் குறை. போதாததற்கு, உண்மையான எரிமலையும் சோடாவும் புளிப்பும் சேர்ந்துதான் பொங்குகிறது என்ற எண்ணத்தோடு சில பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.

நான் வேதியியல் கற்பிப்பவன். விடுமுறை நாட்களில் எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில், ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வேதிவினைகளைச் செய்து காட்டுவது என் வழக்கம். எதைச் செய்து காட்டலாம் என்று தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயங்களைத்தான். செய்வதற்கு முன்னால் "என்ன ஆகும்?" என்று கேட்டால் பிள்ளைகள் துணிந்து ஓர் ஊகத்தைச் சொல்ல முடிய வேண்டும், அந்த ஊகம் அவர்களில் பலருக்குப் பொய்த்துப்போக வேண்டும். அடுத்து, பார்த்து முடித்த பிறகு அவர்களே ஏதேனும் ஒன்றை மாற்றி மறுபடியும் செய்து பார்க்க இடமிருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்துவிட்டால் சத்தமும் புகையும் இல்லாமலேயே பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நிற்பார்கள்.

முதலில் எப்போதும் மெழுகுவர்த்தியைத்தான் எடுக்கிறேன். இதில் என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ஆம் ஆண்டில் தொடங்கிய, இளையோருக்கான கிறிஸ்துமஸ் விடுமுறைச் சொற்பொழிவுகளில் 19 தொடர்களை மைக்கேல் ஃபாரடே நிகழ்த்தினார். 1860 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1861 ஜனவரியில் முடிந்த அவருடைய கடைசித் தொடரின் ஆறு சொற்பொழிவுகளுக்கும் பொருள் ஒரு மெழுகுவர்த்திதான். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர், அப்போது 69 வயதானவர், ஐரோப்பாவின் சிறந்த கருவிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தவர். அவர் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மதிப்புக் கூடுகிறது.

மெழுகுவர்த்தியை ஏற்றுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகள் வெக்கையில் முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எரிவது திரியா, மெழுகா என்று முதலில் கேட்பேன். பெரும்பாலோர் திரி என்பார்கள். மெழுகு வெறுமனே திரியைத் தாங்கி நிற்பதாகவும், சூட்டில் உருகி வழிவதாகவும் சொல்வார்கள். சுடரை மெதுவாக ஊதி அணைத்தால் திரியின் நுனியிலிருந்து வெண்மையான புகை நூலிழைபோல் நேராக மேலெழும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில், திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் உயரத்தில் காட்டினால், நெருப்பு புகையின் வழியே கீழே பாய்ந்து திரியைப் பற்றிக்கொள்ளும். "சார், நீங்க திரியைத் தொடவே இல்லையே!" என்று யாராவது கத்தாமல் இதுவரை ஒரு முறைகூட இது முடிந்ததில்லை. புகை என்று நாம் பார்த்தது உண்மையில் மெழுகின் ஆவி குளிர்ந்து சிறு துகள்களாக மாறிய நிலை. மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. திரி அதற்கு ஏணி மட்டுமே. பிறகு பிள்ளைகள் வரிசையில் நின்று எந்த உயரம் வரை தாவுகிறது என்று ஒவ்வொருவராக அளந்து பார்ப்பார்கள். ஒருமுறை வேண்டுமென்றே மின்விசிறியை ஓட விட்டுச் செய்யச் சொன்னால், புகை சிதறி நெருப்பு தாவ வழியில்லாமல் போவதையும் அவர்களே கண்டுகொள்வார்கள்.

அதே சுடரிலிருந்து தண்ணீர் எடுத்தும் ஃபாரடே காட்டினார். சுடருக்கு மேலே பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய பாத்திரத்தைப் பிடித்து அதன் அடியில் சேரும் துளிகளைக் காட்டுவது அவர் முறை. லண்டன் குளிர்காலத்துக்குச் சரிப்பட்ட அந்த முறை நம் ஊருக்குச் சரிவராது. ஐஸ் தண்ணீர் நிரப்பிய டம்ளர் சும்மா மேசைமேல் இருந்தாலே வெளிப்புறம் வியர்த்துவிடும். அது காற்றிலிருந்து வந்த ஈரம் என்று விவரமான பிள்ளை ஒன்று உடனே சொல்லிவிடும், சொல்லவும் வேண்டும். ஆகவே நன்றாகத் துடைத்து உலர்ந்த கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துச் சுடருக்கு மேலே ஒரு கணம் பிடிக்கிறேன். உட்புறம் பனி படர்ந்ததுபோல் மங்கி, டம்ளர் சூடேறியதும் மறைந்துவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு உலர்ந்த டம்ளர் கவிழ்ந்தே இருக்கிறது. அதில் எந்த மாற்றமும் இல்லை. நெருப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதை நம்பப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது டம்ளர்தான் தேவைப்படுகிறது.

எரிமலைக்காக வாங்கிய சோடாவையும் வினிகரையும் வீணாக்க வேண்டியதில்லை. 5 கிராம் சமையல் சோடாவிலிருந்து சுமார் 1.4 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 90 மில்லிலிட்டர் வினிகர் போதும். ஒரு பெரிய ஜாடியில் இவற்றைச் சேர்த்து நுரை அடங்கும்வரை காத்திருந்து, ஜாடியை எரியும் மெழுகுவர்த்தியை நோக்கிச் சாய்த்தால், திரவத்தில் ஒரு சொட்டுகூட விழாமலே சுடர் அணையும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் அதைத் தண்ணீர்போல் ஊற்ற முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊற்றுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போகிறது. வெறும் ஜாடியைச் சாய்த்து நடிக்கும் குறும்பர்களும் உண்டு. ஜாடியின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் அது குளிர்ந்திருப்பதையும் கவனிப்பார்கள். பொங்குவதெல்லாம் சூடாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அங்கே உடையும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் அதை யாரும் வேதியியலாக நினைத்ததில்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் தடவி உலர்த்தி வைத்துக்கொண்டால், வீட்டிலுள்ள எதையும் சோதிக்க அதுவே நிறங்காட்டித் தாள். குளியல் சோப்பு, துணி சோப்பு, ஷாம்பு, எலுமிச்சைச் சாறு, சோடா கரைசல் எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, எது சிவக்கும் என்று வாக்கெடுப்பு நடத்துகிறேன். சோப்புகள் எல்லாம் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்று எல்லோரும் கை தூக்குவார்கள். கட்டிச் சோப்பும் துணி சோப்பும் தாளைச் செம்பழுப்பாக்க, பெரும்பாலான ஷாம்புகள் மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடும். கட்டிச் சோப்பு காரம், ஷாம்பு காரமல்ல. பள்ளிச் சீருடையில் சிந்திய சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் திடீரெனச் சிவப்பதற்கும், வெயிலில் காயப்போட்டால் மங்குவதற்கும் காரணமான பொருள் மஞ்சளுக்கு நிறம் தரும் இதே குர்குமின்தான் என்று சொன்னதும், அடுத்த வாரம் வீட்டில் துணி துவைக்கப் போட்டி போட்டதாகத் தாய்மார்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் கிடைக்கும் நீலச் சாறு இன்னும் அழகு. எலுமிச்சை விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கி நகர்கிறது. சோடாவில் பச்சை கலந்த நீலமாகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் பச்சையாகிறது. செம்பருத்திச் சாறும் அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. பூக்களின் சாற்றைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியும் முறையை ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார்; அவர் பயன்படுத்தியது வயலட் பூவின் சாறு. நம் வேலியில் படர்ந்திருக்கும் கொடி அதே வேலையைச் செய்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஒரு கைப்பிடிப் பூவும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

இனி, எல்லோரும் கேட்கும் யானைப் பற்பசைக்கு வருகிறேன்; ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்து, சோப்போடு சேர்ந்து நுரைத்தூணாகப் பொங்கும் வினை அது. கைப்பேசியில் பார்த்த காணொளியின் அளவுக்கு நுரை கூரையைத் தொட வேண்டும் என்பது பிள்ளைகளின் எதிர்பார்ப்பு. அந்தக் காணொளிகளில் ஊற்றுவது 30 சதவீதத்துக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு. அது தோலில் பட்டால் வெளுத்து எரியும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சிதைவின்போது வெளிப்படும் வெப்பம் கலவையைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு இருக்கும். நுரையிலிருந்து எழும் ஆவி வெறும் அலங்காரமல்ல. மருந்துக் கடையில் காயங்களைக் கழுவுவதற்காகக் கிடைப்பது '20 வால்யூம்' என்று அச்சிட்ட, சுமார் 6 சதவீதக் கரைசல். நான் அதில் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்கிறேன். நீர்க்காத 6 சதவீதக் கரைசல்கூட ஈஸ்டோடு வேகமாக வினைபுரிந்தால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறக்கூடும். புட்டி திறந்து நாளாகியிருந்தாலோ வெயில் பட்டிருந்தாலோ வீரியம் குறைந்துவிடும் என்பதால் அன்றன்று புதிதாக வாங்கிக்கொள்வது நல்லது.

அந்த '20 வால்யூம்' என்பதற்குப் பொருள், ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும் என்பதே. அப்படியானால் 50 மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால், ஒரு லிட்டர் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்காகச் சொல்லிவிடும். இத்தனை ஆக்சிஜன் உள்ளே இருந்தும் புட்டிக்குள் அது ஏன் அமைதியாக இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, நுரைக்கான சோப்பை எடுப்பதற்கு முன்னால், ஒரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டை எடுக்கிறேன். கண்ணாடி டம்ளரிலுள்ள பெராக்சைடில் அதைப் போட்டதும், கிழங்கின் வெட்டிய பரப்பு முழுவதும் நுண்குமிழிகள் முளைத்து, வெள்ளை நுரையாகத் திரண்டு, சில நேரம் துண்டையே புரட்டிவிடும். டம்ளரைச் சிறு தட்டால் மூடி வைத்திருந்து, சுடர் அணைந்து கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியை உள்ளே நுரையில் படாமல் இறக்கினால், அதன் முனை பளீரென ஒளிர்ந்து சில நேரம் தீப்பிடித்தே எரியும். இங்கே சோப்பு கூடாது. ஈரக் குமிழி ஊதுபத்தியை அணைத்துவிடும்.

அடுத்ததாக வேகவைத்த உருளைக்கிழங்கைக் காட்டி ஊகிக்கச் சொல்வேன். பாதிப் பேர் இன்னும் வேகமாகப் பொங்கும் என்பார்கள், ஏனென்றால் வெந்தது மென்மையானது. துண்டு தண்ணீரில் போட்ட கல்லைப்போல் சும்மா கிடக்கும்போது அறையில் எழும் சத்தம், எந்த யானைப் பற்பசைக்கும் எழுவதைவிடப் பெரிது. உயிருள்ள செல்களில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதிதான் பெராக்சைடைச் சிதைக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் இலட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரிக்கவல்லது. வெந்நீரின் சூடு அந்த நொதியின் வடிவத்தைக் கெடுத்துவிடுகிறது. முழங்கால் காயத்தில் இந்த மருந்தை ஊற்றியபோது பொங்கியதை நினைவுகூராத பிள்ளையே இருக்காது. அங்கிருந்து அவர்களை நிறுத்தவே முடியாது. கேரட், முள்ளங்கி, வாழைக்காய், முளைகட்டிய பயறு, தோசை மாவு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவரத் தொடங்குவார்கள். ஆட்டு ஈரலை ஒரு சிறுவன் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். அன்று கண்ட நுரைதான் கிழங்கு வகைகள் எல்லாவற்றையும் தோற்கடித்தது. இத்தனைக்கும் பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்டையும் சேர்த்து, குறுகிய வாயுள்ள பாட்டிலிலிருந்து நுரைத்தூணை எழுப்பிக் காட்டினால், அது என்ன, ஏன் என்று பிள்ளைகளே எனக்கு விளக்குவார்கள். நுரை கூரையைத் தொடவில்லை என்று அதன்பின் யாரும் குறைப்பட்டதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அயோடின் கடிகாரம். கலக்கிய பிறகு எதுவுமே நடக்காமல் நிறமற்று நின்றுகொண்டிருக்கும் திரவம், யாரும் தொடாமலே, ஒரே கணத்தில் மைக்கூட்டின் நிறத்துக்கு மாறுகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் லாண்டோல்ட் 1886-இல் விவரித்த வினைக்குச் சல்ஃபைட்டும் அயோடேட்டும் தேவை. ஆனால் அதன் எளிய வடிவம் ஒன்றை மருந்துக் கடையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் எடுத்த பொருட்களைக் கொண்டே செய்துவிடலாம்: காயத்துக்குத் தடவும் 5 சதவீதப் பொவிடோன்-அயோடின் கரைசல், 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை, மேற்கண்ட பெராக்சைடு, சோறு வடித்த கஞ்சி. அயோடின் களிம்பு வடிவிலும் கிடைக்கிறது, அது உதவாது. மாத்திரையும் நிறமூட்டாததாக இருந்தால் நல்லது. ஆரஞ்சு நிற மாத்திரையின் சாயம் ஆட்டத்தைச் சற்றுக் கெடுக்கும்.

மாத்திரையைப் பொடித்து 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். 5 மில்லிலிட்டர் அயோடின் கரைசலை அரை டம்ளர் நீரில் விட்டால் தேநீர்ச் சாயலில் பழுப்பாக இருக்கும். இதில் வைட்டமின் சி கரைசலை ஊசி நீக்கிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்தால், ஏறக்குறைய மூன்றரை மில்லிலிட்டரில் பழுப்பு நிறம் முற்றிலும் மறைந்து டம்ளர் தண்ணீராகிவிடும். முதல் வியப்பு இங்கேயே வந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒரு மில்லிலிட்டர் வைட்டமின் சி சேர்த்துக்கொள்கிறேன். இன்னொரு டம்ளரில் 20 மில்லிலிட்டர் பெராக்சைடும், ஒரு கரண்டி நீர்த்த கஞ்சியும், கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டு மேசையை விட்டு விலகி நின்றுகொள்ள வேண்டியதுதான்.

பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள். பத்து, இருபது. "ஒண்ணும் ஆகலையே சார்." முப்பது. பக்கத்தில் இருப்பவனோடு பேசத் திரும்புகிறவன் அந்தக் கணத்தைத் தவறவிட்டு, மறுபடி செய்யச் சொல்லிக் கெஞ்சுவான். டம்ளருக்குள் நடப்பது ஒரு துரத்தல். முதல் டம்ளரில் நிறமிழந்து அயோடைடாகிவிட்டதைப் பெராக்சைடு மெதுவாக மறுபடி அயோடினாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. வைட்டமின் சி அந்த அயோடினை உருவான உடனேயே மறுபடி அயோடைடாக்கிவிடுகிறது. வைட்டமின் சி தீர்ந்துபோன மறுகணம், தடுக்க ஆளின்றி அயோடின் சேர்ந்து கஞ்சியிலுள்ள ஸ்டார்ச்சோடு இணைந்து கருநீலமாகிறது. அமைதியாகத் தெரிந்த அந்த முக்கால் நிமிடமும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருந்தது.

இங்கே பிள்ளைகளின் கையில் ஒரு திருகு கிடைத்துவிடுகிறது. அதிகப்படியாகச் சேர்க்கும் வைட்டமின் சியை இரண்டு மடங்காக்கினால் காத்திருப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வெந்நீரில் செய்தால் குறையும். பெராக்சைடைக் குறைத்தால் நீளும். குழுக்களாகப் பிரித்து, சரியாக ஒரு நிமிடத்தில் கறுக்கும் கலவையைத் தயாரிக்கச் சொல்வேன். அளவுகளை நோட்டில் எழுதாத குழு தோற்கும் என்பதை நான் சொல்வதில்லை, முதல் சுற்றிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். கறுத்த டம்ளரில் மீண்டும் சில சொட்டு வைட்டமின் சி விட்டால் நிறம் மறைந்து, சிறிது நேரம் கழித்து மறுபடி திரும்புவதைப் பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளைதான் தற்செயலாகக் கண்டுபிடிக்கும். பெராக்சைடு மிச்சமிருக்கும்வரை அது நடக்கும். நான் முன்கூட்டியே சொல்லிவிடாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதே இதில் என் பங்கு.

நான் செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் சிலர் அவற்றைக் கேட்டு வருகிறார்கள். அம்மோனியம் டைகுரோமேட்டைக் கொளுத்தி ஆரஞ்சு நிறப் படிகம் பச்சைச் சாம்பலாகப் பொங்குவதைக் காட்டுவது ஒரு காலத்தில் பள்ளி ஆய்வகங்களில் வழக்கமாக இருந்தது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். எரியாமல் எஞ்சும் தூள் காற்றில் பறந்து பிள்ளைகளின் மூச்சில் போகும். மெத்தனாலில் உப்புகளைக் கரைத்துப் பல வண்ணச் சுடர் காட்டும் 'வானவில்' செயல்விளக்கம் அமெரிக்கப் பள்ளிகளில் பல மாணவர்களைக் கடுமையாகச் சுட்டிருக்கிறது. சுடர் அணைந்ததாக நினைத்து ஆசிரியர் புட்டியிலிருந்து மறுபடி ஊற்றும்போது ஆவி பற்றி, தீ முன்வரிசையை நோக்கிப் பீய்ச்சியடிக்கும். அமெரிக்க வேதியியல் கழகத்தின் பாதுகாப்புக் குழு 2014-இல், திறந்த மேசையில் மெத்தனாலைக் கொண்டு இதைச் செய்வதைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது. அதே வண்ணங்களைக் காட்ட வேண்டுமென்றால் உப்பில் தோய்த்த குச்சி ஒன்றும் ஒரு அடுப்புச் சுடரும் போதுமே.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்ந்து தானாகத் தீப்பற்றுவது சற்று வேறு கதை. தீக்குச்சியில்லாமல் ஓம குண்டத்தை மூட்டும் சாமியார்களின் கைவரிசை அது. கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூரும், கோவையை அடுத்த போத்தனூரிலிருந்து ஊர் ஊராகச் சென்ற பி. பிரேமானந்தும் இத்தகைய 'அற்புதங்களை' மேடையிலேயே செய்து காட்டி அவற்றின் இரகசியத்தை உடைத்தார்கள். 1987-இல் நாடு முழுவதும் நடந்த அறிவியல் பரப்புரைப் பயணமான பாரத ஜன விஞ்ஞான ஜாதாவுக்குப் பிறகு அறிவியல் இயக்கத்தினரின் 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சிகளைப் பார்த்து வேதியியலுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அங்கே தீ எழுவது அச்சத்தைப் போக்குவதற்காக. பெரியவர்கள் நிறைந்த கூட்டத்தில், பயிற்சி பெற்றவர் கையில் அதற்கு இடமுண்டு. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் அதைச் செய்வதில்லை. இரண்டு பொருட்களும் எளிதாகக் கடையில் கிடைக்கும்; நான் காட்டும் எதையும் பிள்ளைகள் அன்று மாலையே வீட்டில் செய்து பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நான் எதையும் தேர்ந்தெடுக்கிறேன். அதனால் கத்தியில் செம்பருத்திச் சாற்றைத் தடவி எலுமிச்சையை அறுத்து 'இரத்தம்' வரவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பில்லி சூனியத்தை நம்பும் பாட்டி வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆயுதம்.

தமிழ்நாட்டில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, அறிவியலைச் செய்து காட்டிக் கற்பிக்கும் வானவில் மன்றம் என்ற திட்டம் நடந்துவருவதால், பையில் சோதனைக்குழாயோடு வகுப்புக்கு வருபவர்களைப் பிள்ளைகள் இப்போது ஓரளவு அறிந்திருக்கிறார்கள். அவர்களைப்போல் நீங்களும் உங்கள் தெருவில் தொடங்க விரும்பினால், பொருட்செலவைவிட முன்னேற்பாட்டுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் முந்தைய நாள் அதே தண்ணீரில், அதே அளவில் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். உவர் நீர் உள்ள ஊர்களில் நிறங்காட்டிகள் எதிர்பாராத நிறத்தில் தொடங்கலாம். பெராக்சைடையோ அயோடினையோ கையாளும்போது எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வாங்க முடியாவிட்டால், அணிந்திருப்பவர் மட்டும் ஊற்றட்டும், மற்றவர்கள் இரண்டடி தள்ளி நிற்கட்டும். சுண்ணாம்பு நீரைத் தெளிய வைத்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். சோதித்த காய்கறி எதையும் யாரும் வாயில் போடக் கூடாது என்பதை ஆரம்பத்திலும் முடிவிலும் சொல்லுங்கள், நடுவிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

மிச்சமான கருநீலக் கரைசலை அப்படியே கொட்டாமல் வைட்டமின் சி விட்டு நிறத்தைப் போக்கி, நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடலாம். விரலிலும் சட்டையிலும் நூலகத்தின் சிமெண்டுத் தரையிலும் படிந்த அயோடின் கறைக்கும் அதே மருந்துதான். கறை மறைவதைப் பார்ப்பதற்காகவே தரையைத் துடைக்கும் வேலைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள், நானும் அதற்காகவே ஒரு மாத்திரையைக் கூடுதலாகக் கரைத்து வைத்துவிடுகிறேன்.